டெல்ஃபினும் தங்கையும் ஓர் உருளைக்கிழங்கும்

டெல்ஃபின் புரூயேர் முப்பது வருடமாகக் கனடாவின் வினிபெக்கில் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வாயாடி. ஏறுகிற ஆள் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காமல் கதவை மூடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் கூடப்பிறந்த தங்கை மார்லினோடு நான்கு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

எல்லாம் அம்மாவின் ஆட்டச் சட்டையால் வந்த வினை. வரிசை வரிசையாகத் தகரக் கூம்புகள் தைத்த சட்டை. காலெடுத்து வைத்தால் மழைபோலச் சலசலக்கும். அம்மா இறந்து ஒரு வருடம் முடிந்ததும் பூர்வகுடி வழக்கப்படி அவள் பொருள்களை ஊராருக்கு வாரிக் கொடுத்தார்கள். போர்வை, பானை என்று கொடுத்துக்கொண்டே வந்த டெல்ஃபின், அதே கையோடு சட்டையையும் எடுத்து முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நீட்டிவிட்டாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் அவர்களிடம் கிடையாது. சட்டை தனக்குத்தான் என்றிருந்த மார்லின் பாதியில் எழுந்து போனவள், போனவள்தான்.

ஜூன் மாதப் பவ்வா ஆட்டத் திருவிழாவுக்குப் பூங்காவில் நல்ல கூட்டம். அக்காள் ஆட்ட வட்டத்தின் கிழக்கே நாற்காலி விரித்தால் தங்கை மேற்கே விரிப்பாள். இந்த வருடம் டெல்ஃபின் பன்னக் ரொட்டியைக்கூடத் தொடவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை மார்லின் மகளோடு எட்டு மணி நேரத் தொலைவில் உள்ள தண்டர் பே ஊருக்குப் போய்க் குடியேறப் போகிறாளாம். இன்று பேசாவிட்டால் அப்புறம் எங்கே பேசுவது?

மைக் பிடித்திருந்தவன் அவர்கள் சித்தி மகன் ஆல்வின்.

"அடுத்து உருளைக்கிழங்கு ஆட்டம். நெத்திக்கு நெத்தி, நடுவுல கிழங்கு. கை படக்கூடாது, விழுந்தா வெளிய. கட்டிக்கிட்டவங்கதான் ஜோடியா வரணும்னு இல்ல. அப்படி இருந்தா நான் இந்த ஜென்மத்துல ஆடவே முடியாது." கூட்டம் சிரித்தது. "அந்தா, டெல்ஃபின் அக்கா தனியா உக்காந்திருக்கு. அந்தப் பக்கம் மார்லின் அக்காவும் தனியாத்தான். ரெண்டு பேரும் வாங்க. மைக்ல கூப்பிட்டா வராம இருக்கக் கூடாது."

மார்லின் வந்தாள். "சின்னப் பிள்ளைங்க பாக்குதேன்னு வந்தேன்டா, உனக்காக இல்ல," என்று ஆல்வினிடம் மட்டும் சொன்னாள்.

கிழங்கு நெற்றிகளுக்கு நடுவே வந்ததும் வேறெங்கும் பார்க்க வழியில்லை. எதிரே தங்கையின் கண்கள் மட்டுமே. மேளம் மெதுவாகத் தொடங்கியது.

"மார்லின்..."

"பேசாத. கிழங்கு விழும்."

நான்கு வருடத்தில் தங்கை அவளிடம் பேசிய முதல் பேச்சு. டெல்ஃபினுக்கு அந்த அதட்டல் இனித்தது.

மேளம் வேகமெடுத்தது. ஆல்வின் குனியச் சொன்னான், சுற்றச் சொன்னான். இருவருக்கும் முழங்கால் நெறிநெறியென்றது. ஒவ்வொரு ஜோடியாகக் கழன்று, கடைசியில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்றுதான் மிச்சம். அதுகள் பொறுமையில்லாமல் முத்தம் கொடுத்துக்கொள்ளப்போய்க் கிழங்கைத் தவறவிட்டன.

"ஜெயிச்சிட்டீங்க அக்காமாரே. தலைய எடுங்க, கிழங்கு வெந்துடப்போகுது."

இருவரும் அசையவில்லை.

"ஏன் அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்த?" மார்லின் மெல்லக் கேட்டாள்.

"நீ அதைப் போட்டுக்கிட்டு வந்தா, சத்தத்தக் கேட்டு அம்மான்னு நினைச்சுத் திரும்புவேன். ஒவ்வொரு தடவையும் அது நீயா இருக்கும். என்னால தாங்க முடியாதுடி."

"அதுக்குத்தான்க்கா எனக்கு வேணும்னு இருந்தேன். கண்ணாடியிலயாவது அம்மாவப் பாத்துக்கலாம்னு."

கிழங்கு எப்போது விழுந்தது என்று இருவருக்கும் தெரியாது. நெற்றிகள் மட்டும் ஒட்டிக்கொண்டபடியே நின்றன.