கடைசிப் பாட்டின் மிச்சம்

ஸ்டேஷனிலிருந்து லெம்பாங் சந்தை வரை மேட்டுப்பாதையில் ஆங்கோட் என்னும் சிறு பயணிகள் வேன் ஓட்டும் இமாஸ், எந்தப் பாட்டையும் நல்ல பாட்டு என்று தானாக வாயைத் திறந்து சொன்னதில்லை. இறங்க வேண்டியவர்கள் "கிரி!" என்று குரல் கொடுத்தால் இடது ஓரமாக நிறுத்த வேண்டும். பாட்டு நன்றாக இருந்தால் அந்தக் குரல் தாமதமாக வரும். பள்ளிக்கூடம் தாண்டி, மருந்துக்கடையும் தாண்டிய பிறகு யாராவது திடுக்கிட்டு, "ஐயோ, கிரி, கிரி!" என்பார்கள். இமாஸ் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். அவளுடைய விமர்சனம் அவ்வளவுதான்.

பதினோரு வருஷத்துக்கு முன் புருஷன் கடல் தாண்டிக் காலிமந்தான் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனான். கொஞ்ச நாள் போன் வந்தது, பிறகு அதுவும் நின்றது. வண்டியும் அதில் அவன் பொருத்தியிருந்த கேசட் பெட்டியும் வாசலில் கிடந்தன. ஒரு பொம்பளை அந்த மேட்டில் ஓட்டுவாளா என்று தெருவில் பேசி முடிப்பதற்குள் அவள் மூன்று நடை போய்வந்துவிட்டாள். அவன் விட்டுப்போன கேசட்டுகள் தேய்ந்து இழுபட ஆரம்பித்தபோது, மேட்டுப்பாதைக் கல்லூரிப் பிள்ளைகள் தங்களுடையதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எந்தக் கம்பெனியும் இல்லாமல் நாலு பேர் சேர்ந்து, தாங்களே பாடி, தாங்களே கேசட் போடுகிற பிள்ளைகள். பாதி வழியில் சிக்னலில் நிற்கும்போது இமாஸ் கேசட்டைப் புரட்டிப் போடுவாள். சந்தையில் வண்டியை அணைத்ததும் பெட்டியும் அடங்கிவிடும். மிச்சமிருக்கும் நாடாவைப் போடாமலே பேனா செருகிக் கடைசிவரை சுற்றித் தள்ளிவிட்டு, புரட்டிப் போட்டு, அடுத்த சவாரிக்கு முதல் பாட்டிலிருந்து தொடங்குவாள்.

முன் சீட்டு கானிஸுக்கு. ரெங்கானிஸ் என்ற முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. பள்ளிச் சீருடைக் காலத்திலிருந்தே அந்த இடம் அவளுடையது; அவளுக்கு இமாஸ் 'தேதே', அக்கா; இமாஸுக்கு அவள் 'நெங்', தங்கச்சி. இஞ்சின் சத்தத்தில் கேட்காது என்று நினைத்துக்கொண்டு ஜன்னலில் நெற்றியைச் சாய்த்து ஏதோ முனகுவாள். இமாஸுக்கு எல்லாம் கேட்கும். கேட்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் நின்றுவிடுமே.

இப்போது கானிஸுக்கு இருபத்து மூன்று. அவளுடைய குழுவின் முதல் கேசட் ஒரு வாரமாக வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் அதைப் பிரதி எடுக்கக் கொடுக்கப் போகிறார்கள்.

அன்று சாயங்காலம் மழை. பின்னால் ஒரே ஒரு ஆள், டவுனில் தோஃபு விற்றுவிட்டுக் காலிக் கூடைகளோடு திரும்பும் மாங் ஊயாத்.

"என்ன தேதே, ஒரு வாரமா ஒண்ணுமே சொல்லல?" என்றாள் கானிஸ்.

"மொதப் பக்கம் ஜோர், நெங். நாலாவது பாட்டுல ஒரு டீச்சரம்மா ரெண்டு ஸ்டாப் தாண்டிப் போயிட்டு, என்னையே திட்டிட்டு எறங்கிச்சு."

கானிஸின் முகம் மலர்ந்தது. "ரெண்டாவது பக்கம்?"

இமாஸ் கியரை மாற்றினாள். உண்மையைச் சொன்னால் நாளைக்கு முன் சீட்டு காலியாகக் கிடக்குமோ என்று ஒரு பயம். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அதுல ஜனங்க சீக்கிரமே எறங்கிடறாங்க. முந்தாநாள் ஒரு ஆளு மழையிலயே, ஒரு ஸ்டாப் முன்னாடியே குதிச்சு ஓடிட்டாரு."

"அது நான்தான்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "கிதாரா அது? எங்க வீட்டுத் தகரத்த எவனோ பேத்து எடுக்கிற மாதிரி இருந்துச்சு."

"உங்கள யாரு கேட்டா, மாங்?" என்று அடக்கிவிட்டு இமாஸ் சொன்னாள்: "உன் கொரல் எங்கடி போச்சு? கிதாருக்கு அடியில போட்டு மூடி வச்சிருக்கே."

"கடைசிப் பாட்டு?"

"அதுவும் அப்படித்தான். ஒரே மூட்டம்."

கானிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்ப அத எடுத்துடறேன். ரொம்ப நீளம், வெட்டுன்னு மத்த மூணு பேரும் சொல்றாங்க. தேதே என்ன சொல்றாங்களோ அதான்னு சொல்லிட்டு வந்தேன்." பிறகு, "முடிவு கூடவா பிடிக்கல?" என்றாள்.

"எந்த முடிவு?"

"கடைசி ரெண்டு நிமிஷம்."

இமாஸின் கண் டாஷ்போர்டில் கிடந்த பேனாவுக்குப் போனது. "அதுக்குள்ள சந்தை வந்துடுமே. மிச்சத்தச் சுத்தித் தள்ளிடுவேன்."

"ஒரு வாரமாவா?"

"ஒரு வாரமா."

பெட்டியில் கடைசிப் பாட்டு தொடங்கியிருந்தது.

மழை விட்டது. இமாஸ் வைப்பரை நிறுத்தினாள். மலையிலிருந்து மூடுபனி இறங்கிச் சாலையில் படுத்துக்கொண்டது. விளக்குகள் பாலில் கரைந்தாற்போல் வந்து வந்து போயின. கானிஸின் சந்து வந்தது.

"கிரி, தேதே."

பாட்டில் ஒரு கிதார் ஓய்ந்தது. பிறகு இன்னொன்று.

"கிரி."

டிரம்மும் அடங்கியது. க்ரீச், க்ரீச் என்று இடதுபக்க வைப்பர் கண்ணாடியைத் தேய்த்தது. இமாஸ் அதை அணைக்கக் கை நீட்டினாள். அது ஏற்கெனவே அணைந்திருந்தது. கண்ணாடியில் ஒன்றும் அசையவில்லை. பெட்டிக்குள்ளிருந்து அவளுடைய வண்டியின் வைப்பரே தேய்த்துக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து, வார்த்தையே இல்லாமல், ஜன்னலில் நெற்றி சாய்த்த பிள்ளையின் அதே முனகல்.

கானிஸ் மூன்றாவது தடவை சொல்லவில்லை. சந்தையின் விளக்குகள் வந்தன, போயின.

"யம்மா, கிரி! சந்தை போயிடுச்சு!" மாங் ஊயாத் கூரையைத் தட்டினார். "பால்பண்ணையில மாடு கறக்கவா கூட்டிட்டுப் போற?"

நாடா 'டக்' என்று நின்றபோது வண்டி முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. இமாஸ் ஓரங்கட்டினாள்.

"அதுக்கு முந்தின ரெண்டு பாட்டும் எனக்கு இன்னும் பிடிக்கல," என்றாள்.

"சரி, தேதே."

"இத வெட்டினே, முன் சீட்டுல ஏறாத."

கானிஸ் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பின்னால் கூடைகள் உரசின.

"எப்படியும் இவ்வளவு தூரம் திரும்பிப் போகணுமில்ல," என்றார் மாங் ஊயாத். "அந்தக் கடைசியில வந்தத இன்னொரு தரம் போடு."

இமாஸ் கேசட்டை எடுத்துப் பேனாவைச் செருகி, அந்த வாரத்தில் முதல் முறையாக, பின்னோக்கிச் சுற்றத் தொடங்கினாள்.