ரெண்டு மைக்கு மாட்டுற மிக்சர்

எங்கள் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு வீட்டில் சண்டையே இல்லாமல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும், சைக்கிள் டியூபில் முள் குத்தின மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து உதட்டைப் பார்த்தால்தான் புரியும். "இத்தினி வருசம் நீ பேசுன, இனிமே நான் பேசறேன், கேளு" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பார். சிரிப்புக்கும் சத்தம் கிடையாது.

அந்த மனுஷனுக்குக் குரல்தான் சொத்து. ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் மைக்கில் அவர்தான் நிற்பார். வாசலைப் பார்த்துக்கொண்டே, வருகிறவர்களை முறை சொல்லிக் கூப்பிடுவார். "பொண்ணோட பெரிய மாமா வந்துகீறாரு! வாங்க மாமா, மொதல்ல சாப்ட்டுடுங்க!" பேர் சொல்ல மாட்டார், முறைதான். அவர் கூப்பிடாமல் உள்ளே போனால் மரியாதை இல்லை என்று வாசலிலேயே நிற்கிறவர்களும் உண்டு.

மகள் வயிற்றுப் பேத்தி பெரியவளானாள். சடங்குக்குப் படப்பையில் மண்டபம் பிடித்தோம். என் மகன் கார் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். ஷிப்ட் இல்லாத நாளில் வாடகைப் பெட்டி எடுத்து டீஜே போடுவான். இந்த விசேஷத்தோடு, பாட்டையும் மைக்கையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற மிக்சர் பெட்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடலாம் என்றான். பெரிய விலைக்குப் போக முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அப்போது இவர் என் முழங்கையைத் தட்டினார். உதட்டைப் பார்த்தேன். எல்லாரையும் நீ கூப்பிடு, அக்காவை மட்டும் நான் கூப்பிடுகிறேன் என்றார்.

அவருடைய அக்காதான் அவரைத் தூக்கி வளர்த்தது. எந்த விசேஷத்திலும் அந்த அம்மா வாசலில் கால் வைத்ததும், "எங்கூட்டு மகாராணி வந்துகீது!" என்று மண்டபமே அதிரக் கூப்பிடுவார். ஆபரேஷனுக்கு அந்த அம்மா வந்து பார்த்தபோது இவருக்கு மூக்கில் டியூப், பேச்சே இல்லை. டியூபை எடுத்தால் பேச்சு வந்துவிடும் என்று நினைத்துத்தான் ஊருக்குப் போனது. அதற்கப்புறம் ரெண்டு பேரும் பார்த்துக்கொள்ளவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் மைக் செட் சாமான் விற்கிற கடைக்கு மூன்று பேரும் போனோம்.

"இன்னா ஆயா, இதுல யாரு டீஜே?" என்றான் கடைக்காரன்.

"நான்தான். மூஞ்சியப் பாத்தா தெரியல?"

முதலில் ஒரு பெட்டியைக் காட்டினான். கலர் கலராக லைட் எரிந்தது. மகன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பின்பக்கம் மைக்குக்கு ஒரே ஓட்டை.

"ரெண்டு பேரு பேசணும்பா" என்றேன்.

"ஒரே மைக்க மாத்தி மாத்திப் பேசுங்க ஆயா."

"மாத்தி மாத்திப் பேசுற குடும்பமாப்பா இது?"

அடுத்தது பழைய பெட்டி. ஓரமெல்லாம் கீறல், லைட் கிடையாது. ஆனால் மைக்குக்கு ரெண்டு ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குமிழ். சன்னமான குரலை அந்தக் குமிழால் தூக்கிவிடலாம் என்றான். இன்னொரு பட்டனையும் காட்டினான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மைக்கில் "அலோ" என்றான். பாட்டு தானாகவே அடங்கியது. அவன் பேசி முடித்ததும் மறுபடி எழுந்தது.

"எம் மருமவள விட மரியாத தெரிஞ்ச பெட்டியா கீதே" என்றேன்.

பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை இவர் கையில் கொடுத்தான். குமிழைத் திருகினான். "வா" என்றார். கரகரவென்றுதான் இருந்தது, ஆனால் கடை முழுக்கக் கேட்டது. இவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகன் அந்த லைட் பெட்டியை ஒரு தடவை பார்த்தான். "இதையே குட்த்துருண்ணா" என்றான், பழையதைக் காட்டி.

பாட்டு ஓடும்போது இவரைப் பேசவிட்டுப் பார்க்க எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

சடங்கன்று மேடை ஓரத்தில் எனக்கு ஒரு மைக், அவருக்கு ஒரு மைக். அவர் என் காதில் முறையைச் சொல்லுவார், நான் மைக்கில் கூப்பிடுவேன். "சம்பந்தி வந்துகீறாரு, பாத்து வாங்க, வடை தீந்துபோச்சு!" ஜனம் சிரித்தது. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் பாட்டு அடங்கியது.

அக்கா வாசலுக்கு வந்தது. இவர் எழுந்து நின்றார். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். உதடு அசைந்தது, எனக்குத் தெரிந்தது. பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிக்கு அது பேச்சாகவே படவில்லை. மறுபடி கூப்பிட்டார். மகன் பதறிப்போய்க் குமிழை முழுக்கத் திருகினான். ஸ்பீக்கர் கூவென்று கத்தியது. குழந்தைகள் காதைப் பொத்தின. அக்காவும் காதைப் பொத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றது. அப்புறம் யாரோ கையைப் பிடித்து நேராகப் பந்திக்குக் கூட்டிப்போனார்கள்.

இவர் மைக்கை அணைத்தார். மேசை மேல் வைத்துவிட்டுப் பந்திப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

அக்கா இலையில் கை வைத்திருந்தது. தலையை நிமிர்த்தி, "இன்னாடா, மைக்குல ஒம் பொண்டாட்டி கத்திகினு கீறா? நீ கூப்புடுவேன்னு வாசல்லியே நின்னேனே. எம்மேல இன்னாடா கோவம்?" என்றது.

இவர் குனிந்து, மைக்கில் கூப்பிட வந்ததை அதன் காதில் சொன்னார்.

அக்கா கை இலையிலேயே நின்றுவிட்டது. அந்தக் குரலை அப்போதுதான் கேட்கிறது. இடது கையால் அவர் கழுத்தில் இருந்த தழும்பைத் தடவியது. "வந்துட்டேன்டா" என்றது. அதற்கும் சத்தம் வரவில்லை.

வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று மகன் கையைக் காட்டினான். மைக்குக்குத் திரும்பிப் போனேன். யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. "எல்லாரும் உள்ள வாங்க" என்று மட்டும் சொன்னேன்.