பிச்சைக்கண்ணு அண்ணாச்சி நிமிர்ந்து நடந்த பத்து நாள்

பிச்சைக்கண்ணு அண்ணாச்சியின் பிடரியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காய்ப்பு உண்டு. தச்சநல்லூர் அரிசி கோடவுனில் முப்பது வருஷம் மூட்டை சுமந்து சம்பாதித்தது. பத்தமடையில் மகள் கல்யாணத்தன்று சம்பந்தி அவரைத் தனியே கூப்பிட்டு, "துண்ட நல்லா ஏத்திப் போட்டுக்கிடும் வே, போட்டோ எடுக்காங்க" என்றார். அதற்குப் பிறகு அண்ணாச்சி கோடவுனுக்கு வெளியே துண்டில்லாமல் தலைகாட்டியதில்லை.

தொண்ணூற்றேழு மே மாதம், சீனாவிலிருந்து லின் என்ற அம்மா பாளையங்கோட்டைக்கு வந்தாள். நவீன நடனம் அமைக்கிறவள். ஆனால் ஆடத் தெரிந்த ஆள் அவளுக்கு ஆகாது. ஆடவே தெரியாத ஏழு பேர் வேண்டுமாம். அவள் சொல்வதைத் தமிழில் சொல்ல, கல்லூரியில் இங்கிலீஷ் எடுக்கும் ப்ரீதா டீச்சர் கூடவே இருந்தார். மாஞ்சோலையில் தேயிலை பறிக்கும் அக்காமார், அந்த மலைக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் என்று பொறுக்கினார்கள். பத்தாவதில் இரண்டு தடவை கோட்டைவிட்ட எனக்கும் இடம் கிடைத்தது. ஒன்றும் தெரியாது என்பதற்காக என்னைச் சேர்த்துக்கொண்ட இடம் அது ஒன்றுதான்.

அண்ணாச்சியை லின்னே கண்டுபிடித்தாள். கோடவுன் வாசலில் ஒரு மணி நேரம் நின்று அவர் நடையைப் பார்த்தாளாம். ஒத்திகை நடந்த பள்ளிக்கூட ஹாலில், சட்டையைக் கழற்றிவிட்டு, மூட்டை இல்லாமல் அதே மாதிரி நடக்கச் சொன்னாள். முழங்கால் மடங்கி, கழுத்து முன்னால் நீண்டு, ஒரு கை இடுப்பில், பாதம் தரையைத் தேய்த்தபடி அவர் ஹாலின் அந்தக் கோடிவரை போனார். இல்லாத மூட்டை எங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. லின் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

அண்ணாச்சி அன்றைக்கே நிகழ்ச்சிக்கு மூன்று பாஸ் வாங்கிப் பத்தமடைக்குக் கொடுத்தனுப்பினார். "சம்பந்தி கீழ உக்காந்து என்னைய அண்ணாந்து பாக்கட்டும்லே" என்றார். அதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் டீக்கடையில், "அண்ணாச்சி, அந்தம்மா ஒங்களப் பாத்து எதுக்குச் சிரிக்கான்னு தெரியுமா? நீங்கதான் இதுல கோமாளி. டீச்சர்ட்ட இங்கிலீஷ்ல சொல்லுதா" என்றேன்.

"ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமாலே?"

"பத்தாங்கிளாஸ மூணு வருசமாப் படிக்கேன்லா."

வழக்கம்போல மண்டையில் ஒரு குட்டு விழும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். விழவில்லை. அவர் துண்டை ஏற்றிப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் லின் பத்து நாள் மாஞ்சோலைக்குப் போய்விட்டாள், அக்காமாருக்கான பகுதியை அங்கேயே அமைக்க. அந்தப் பத்து நாளும் அண்ணாச்சி ஆட்டம் படிக்க எலியேசரிடம் போனார். எலியேசர் கோயில் கொடைத் திருவிழாக்களில் சினிமாப் பாட்டுக்கு ஆடும் ரெக்கார்டு டான்ஸ் கோஷ்டி வைத்திருந்தவர். கூத்துப் பார்க்க நானும் போனேன்.

"நெஞ்ச நிமித்தும் வே. கழுத்த உள்ள இழும். ஆட்டக்காரன் கூனுனா சனம் கல்லெடுக்கும்."

பத்தாம் நாள் அண்ணாச்சி நிமிர்ந்து நின்றார். அவர் அத்தனை உயரம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

லின் திரும்பியதும் அண்ணாச்சி தேய்த்த சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். கோடியில் போய் ஒரு சுற்றுக்கூடச் சுற்றினார். லின் டேப்ரிக்கார்டரை நிறுத்தினாள். பழைய மாதிரி நடக்கச் சொன்னாள். நடந்தார். நாடகத்தில் கிழவன் வேஷம் போட்டவன் நடப்பது போல இருந்தது. இரண்டு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் ப்ரீதா டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவங்களுக்கு ஆடத் தெரியாதவங்கதான் வேணும் அண்ணாச்சி. நீங்க கத்துக்கிட்டீங்க."

"கத்துக்கிட்டது தப்பா டீச்சர்?"

அதை மட்டும் டீச்சர் இங்கிலீஷில் சொல்லவில்லை. கோமாளி என்று நான் சொன்னது புளுகு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். என்னையும் கழித்துவிடுவார்களோ என்று பயந்து டேப்ரிக்கார்டர் வயரைச் சுருட்டப் போனேன்.

ரயில்வே ஸ்டேஷனில் பெட்டி சுமக்கும் ஹபீப் முகம்மதை அவர் இடத்தில் போட்டார்கள்.

நிகழ்ச்சியன்று ஹபீப் வெற்று முதுகோடு மேடையைக் கடந்தபோது ஹாலில் ஒரு இருமல் இல்லை. மூன்றாவது வரிசையில் சம்பந்தி எழுந்து நின்று கைதட்டினார். வெளியே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிச்சைக்கண்ணு எங்கடே? அவரு நடையும் இதானடே. இத்தன வருசம் நான் சரியாப் பாக்கலயே."

"காய்ச்சல்" என்றேன்.

மறுநாள் காலையில், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கோடவுனுக்குப் போனேன். அண்ணாச்சி மூட்டைக்கு அடியில் நிமிர்ந்து நின்றார். மூட்டை பின்னால் சரிந்தது. "குனியும் வே, பெரிய தொரை" என்று மேஸ்திரி கத்தினார். குனிந்தார். மூன்றாவது மூட்டைக்கு முழங்கால் மடங்கியது, கழுத்து நீண்டது, பாதம் தேய்ந்தது. அந்த நடை தானாக வந்துவிட்டது. லின் விடியற்காலையில் ஏறிய ரயில் அதற்குள் மதுரையைத் தாண்டியிருக்கும்.

மூட்டையை இறக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"எல்லாரும் சிரிச்சாங்களாலே?"

பிடரியில் காய்ப்பு சிவந்திருந்தது. சொல்ல வந்ததை நினைத்தேன், அவரைப் பார்த்தேன்.

"சிரிச்சாங்க அண்ணாச்சி. ஹபீப் மாமா முகத்துல ஈயாடல."

"அப்ப நீ சொன்னது நெசந்தான். ஒன்னாலதாம்லே மானம் தப்பிச்சேன்."

சம்பந்தி வாய் திறக்கும்வரைதான் இந்தப் பொய்க்கு ஆயுள் என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சி தனக்கு வந்த டீயை என் பக்கம் நகர்த்தினார். குடித்தேன்.