கறையான் அண்டாத மருதம்பட்டை

1. ஷெட்டுக்குள்

பாபநாசம் பக்கத்தில் மரம் அறுக்கிற ஒரு சாமில்லின் பின்புற ஷெட்டில், மருதம்பட்டைக் குவியலைக் கையால் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடைமழைக் காலம். ஒரு கறையான் இல்லை, எறும்புகூட இல்லை. எங்கள் எக்ஸ்ட்ராக்‌ஷன் யூனிட்டில் தரக் கட்டுப்பாடு என் பொறுப்பு. சுத்தமான சரக்கைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான் வரவேண்டும். அன்றைக்குச் சந்தேகம்தான் வந்தது: மழைக்காலத்தில் பூச்சியே அண்டாத பட்டை ஏது? அந்தக் குவியலிலிருந்து எடுத்த பட்டைதான் ஏற்கெனவே பொடியாகி, எங்கள் ஸ்டோரில் டிரம்களில் அனுப்பத் தயாராக நின்றது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்து மருத மரங்கள் ஏலம் போய், சாமில்களுக்கு வந்து சேர்ந்தன. மரத்தை அறுத்துச் சதுரமாக்கிய பிறகு பட்டையைச் சீந்த ஆளில்லை. செங்கல் சூளைக்காரர்கள் வந்தால் அள்ளிக்கொண்டு போவார்கள். வராவிட்டால் அங்கேயே மக்கும். இதயத்துக்கு நல்லது என்று சித்த வைத்தியத்தில் கொடுக்கிற பட்டை அது. உயிரோடு நிற்கிற மரத்தை உரிக்காமல், எப்படியும் வீணாகிற பட்டையிலிருந்தே அந்தச் சத்தைப் பிரித்தெடுக்கலாமே என்று யோசித்தவர் எங்கள் முதலாளி செல்வராஜ் சார். குடும்ப நிலத்தை பேங்க்கில் வைத்து யூனிட்டை ஆரம்பித்தார். சென்னை மருந்து கம்பெனி ஒன்று கொடுத்த முதல் பெரிய ஆர்டர்தான் அந்த டிரம்கள். அது போகாவிட்டால் யூனிட் நிற்பது கஷ்டம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வேலை இதுதான்: பட்டையை அலசி, காயவைத்து, பல்வரைசரில் அரைப்போம். ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து எக்ஸ்ட்ராக்டரில் சூடாக்கினால், பட்டைக்குள் இருப்பது அதில் இறங்கிவிடும். வடிகட்டி, வேக்குவத்தில் சுண்டவைத்து, ஸ்ப்ரே டிரையரில் விட்டால் செந்நிறப் பொடி. மூட்டை மூட்டையாக உள்ளே போவது ஒரு டிரம்மாக வெளியே வரும். வருகிற விசிட்டர்களிடம் எல்லாம் இதைத்தான் பெருமையாகச் சொல்வோம்.

சாமில் உரிமையாளர் கலியபெருமாள் பின்னாலேயே வந்து நின்றார். மில்லோடு வயலும் வைத்திருப்பவர். எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். நான் குவியலையே பார்ப்பதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

“நீங்க பத்திரமா வைக்கச் சொன்னீங்கள்ல, அதுலேருந்து தனி ஷெட்டு போட்டுட்டேன். வாராவாரம் மருந்து அடிச்சிடறோங்க. தேக்குக்கு அடிக்கிற அதே மருந்துதான். ஒரு பூச்சி அண்டாது, பாருங்க.”

குப்பையாகக் கிடந்தவரை அந்தப் பட்டை சுத்தமாக இருந்தது. அதற்கு மதிப்பு உண்டு என்று நாங்கள் சொன்னோம், அவர் கவனித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

2. கேட்காத டெஸ்ட்

டிரம்மிலிருந்து சாம்பிள் எடுத்து வெளி லேபுக்கு அனுப்பினேன். ரிசல்ட் நான் பயந்தபடியே வந்தது. கறையான் மருந்து ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். பட்டையின் சத்தோடு சேர்ந்தே இறங்கி, சேர்ந்தே சுண்டியிருந்தது. நல்லதை மட்டும் பொறுக்கியெடுக்கிற அறிவு எந்த மெஷினுக்கும் கிடையாது.

செல்வராஜ் சார் ரிசல்ட்டைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கம்பெனி எங்களிடம் கேட்டிருந்தது பட்டையின் துவர்ப்புச் சத்தான டானின் அளவு, ஈரப்பதம், கிருமி இல்லை என்பது, அவ்வளவுதான். அது எல்லாவற்றிலும் எங்கள் பொடி பாஸ்.

“இந்த டெஸ்ட்ட அவங்க கேக்கவே இல்லியே மேடம்” என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். நிலம் பேங்க்கில் இருந்தது.

“கேக்கல சார். குடிக்கப்போற ஹார்ட் பேஷண்டும் கேக்கமாட்டாரு.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு ரிசல்ட்டை இன்னொரு முறை படித்தார். பிறகு அவரே போனை எடுத்து, கம்பெனிக்காரர்களிடம் இருக்கிறதை இருக்கிறபடி சொன்னார். நன்றி சொன்னார்கள். ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பொடியை வாய்க்காலில் கரைக்க முடியாது, சூளையில் எரிக்கவும் முடியாது. ரசாயனக் கழிவு எடுப்பவர்களை வரவழைத்து ஏற்றிவிட்டோம். டிரையர் ஓட்டிய பையன்கள் இரண்டு பேரும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். எனக்கு அழுகை வந்தது, லேபிலேயே உட்கார்ந்து அழுதேன்.

3. கலியபெருமாள்

அவரிடம் சண்டை போடுவது என்றுதான் சார் கிளம்பினார். கூடவே நானும் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கலியபெருமாள் அப்படியே ஒரு அடிமரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“பட்டைன்னா தோல் பதனிடப் போவும், சாயத்துக்குப் போவும்னுதாங்க எனக்குத் தெரியும். கம்பெனிக்குன்னு சொன்னீங்க, பத்திரமா வைக்கச் சொன்னீங்க, வச்சேன். இத ஒருத்தரு வாயில ஊத்திக்குவாருன்னு யாரும் சொல்லலையே.”

சார் கொண்டுபோன கோபம் அவ்வளவையும் விழுங்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

யூனிட் அடுத்த அறுவடை முடிகிறவரை படுத்தே கிடந்தது. பிறகு ஒரு சின்ன கம்பெனி, நடந்ததைக் கேள்விப்பட்டு, அதனாலேயே எங்களைத் தேடி வந்தது. இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கழிவை விற்பவரிடம் அதன் விலையைப் பேசுவதற்கு முன், அது யார் வயிற்றுக்குப் போகிறது என்று சொல்லிவிடுங்கள். ஸ்பெசிஃபிகேஷன் அதற்கு அப்புறம்தான்.

புது ஆர்டருக்கு முதல் லோடு கலியபெருமாளிடமிருந்துதான் வந்தது. மருந்து படாத புது மரத்துப் பட்டை. டாட்டா ஏஸில் டிரைவர் பக்கத்தில் அவரே உட்கார்ந்து வந்திருந்தார். சரக்கை இறக்கவிடாமல், ஒரு கைப்பிடிப் பட்டையை எடுத்து என்னிடம் நீட்டி, கஷாயம் வைத்துத் தரச் சொன்னார். அதைக் குடித்துக் காட்டுவதால் எதுவும் நிரூபணம் ஆகாது, லேப் ரிசல்ட் வந்தால்தான் கணக்கு என்று சொல்லிப் பார்த்தேன்.

“டெஸ்ட்ட நீங்க பண்ணுங்க மேடம். நான் குடிக்கிறது எனக்கு.”

வைத்துக் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தார். அப்புறம்தான் வண்டியின் தார்ப்பாயை அவிழ்த்தார்.