நாலாவது தடவை சாய்ந்த ஊசி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி என்று எதிலும் நம்பிக்கை கிடையாது. ஒயரில் கரண்ட் வருகிறதா என்று கேட்டால்கூட மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன், என் தொழில் அப்படி. தஞ்சாவூர்ப் பக்கம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு சின்ன இடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன், இடத்தின் பெயர் வேண்டாம், என் வேலைக்கு உலை வைத்துவிடாதீர்கள். நாலு பேர் உட்காரும் சின்ன விமானங்கள் இரண்டு இருக்கின்றன. நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், சிரியுங்கள், ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர் என் அத்தான், அக்கா வீட்டுக்காரர். அவர் அங்கே பைலட், பையன்களுக்குக் கற்றுக்கொடுப்பார். குடவாசல் பக்கம் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பத்தில் பிறந்தவர், விமானம் ஓட்டப் போகிறேன் என்றதும் அவர் சித்தப்பா, ‘ஏன், மாட்டு வண்டி அலுத்துப்போச்சா’ என்று கேட்டாராம். அக்காவைக் கட்டியபிறகு திருக்காட்டுப்பள்ளிக்கு இந்தப்புறம் வயலுக்கு நடுவில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் ஓடுதளத்தில் இறங்குகிற விமானம் அந்த வீட்டுக்கு மேலேதான் வரும். அதற்காகத்தான் அந்த இடத்தைப் பிடித்தார் என்று நான் கேலி செய்வேன், மனிதர் மறுத்ததே இல்லை.

இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் லேண்டிங் லைட் போடுவார்கள். கார் ஹெட்லைட் மாதிரி ஒரு பெரிய பல்பு, விமானத்தின் மூக்குக்குக் கீழே இருக்கும், மஞ்சள் வெளிச்சம். அத்தான் வீட்டுக்கு நேர் மேலே வரும்போது அதை ஒரே ஒரு தடவை அணைத்துப் போடுவார். அப்படிச் செய்யக்கூடாது, எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கீழே அக்கா வரப்பில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் அரிசி களைந்து உலையில் போடுவாள், சோறு வடிக்கவும் அவர் பைக் சத்தம் கேட்கவும் சரியாக இருக்கும். களை எடுக்க வரும் பெண்களுக்கும் அதுதான் கணக்கு. “விளக்கு போயிடுச்சு, கரையேறுங்கடி” என்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், அவ்வளவுதான். விமானத்தில் ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அதே விமானத்தை வேறு பைலட்டுகள் ஓட்டினார்கள். சாயங்காலம் அதே மஞ்சள் விளக்கு அக்கா வீட்டுக்கு மேலே போனது, அணைத்துப் போடுகிறவர்தான் இல்லை. அக்கா அப்போதும் வரப்பில் நின்று பார்த்தாள். ஒருநாள் நான் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன், யாரோ ஓட்டுகிற விமானத்தை எதற்கு அக்கா இப்படிப் பார்க்கிறாய் என்று.

“ஆளு வேறதான். வெளிச்சம் அதேதானேடா.”

அந்த பல்பே அதற்குள் நாலைந்து தடவை மாறிவிட்டது என்றேன். இந்தப் பழைய பல்புகள் சூட்டிலும் அதிர்விலும் அடிக்கடி ஃபியூஸ் ஆகும், புதுசு போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. இன்னொரு விமானத்துக்கு எல்இடி போட்டிருந்தோம், அந்த வெள்ளை வெளிச்சம் மேலே போனால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். “இதுக்கு மட்டும் அந்த வெள்ளை லைட்ட மாட்டிடாதடா தம்பி” என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. சரி அக்கா என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன சொல்லுக்காக என்னென்னவோ செய்தேன். இந்த விமானத்துக்கும் எல்இடி வந்து அலமாரியில் கிடந்தது, நான் ஸ்டாக்கில் இருந்த பழைய பல்புகளை ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டினேன், சீஃப் இன்ஜினியர் கேட்டால் அடுத்த செக்கில் மாற்றிவிடலாம் சார் என்று ஒரு வருடம் தள்ளினேன். போன கார்த்திகையில் கடைசி பல்பும் போயிற்று. இனி என்ன சாக்குச் சொல்ல? எல்இடி நல்ல பொருள்தான், சூடாகாது, வருடக்கணக்கில் உழைக்கும், கரண்ட்டும் கொஞ்சமாகத்தான் இழுக்கும். எனக்கு மட்டும் அதைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.

அன்று காலையிலிருந்து மழை மூட்டம், இரண்டு விமானமும் ஷெட்டுக்குள்ளேயே நின்றன, ஒன்றும் ஏறவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மழை விட்டு வெளிச்சம் மங்குகிற நேரத்தில் எல்இடியை மாட்டி முடித்தேன். சீஃப் டீ குடிக்கப் போயிருந்தார். நான் விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்து லைட் சுவிட்சைப் போட்டேன்.

எரியவில்லை. எதிரே ஷெட் சுவரில் வெளிச்சம் விழவேண்டும், விழவில்லை. ஆனால் அம்மீட்டர் ஊசி சாய்ந்தது. பேட்டரியிலிருந்து எவ்வளவு கரண்ட் போகிறது என்று காட்டுகிற ஊசி அது. பழைய பல்பு போட்டால் எவ்வளவு சாயுமோ அவ்வளவு சாய்ந்தது, எல்இடிக்கு அதில் கால்வாசிகூடச் சாயக்கூடாது. எங்கேயோ ஷார்ட் ஆகிறது என்று பயந்து உடனே அணைத்தேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போட்டேன், அதே கதை. மூன்றாவது தடவையும் போட்டு அணைத்தேன். சுவர் இருட்டாகவே இருந்தது.

அப்புறம் கையைத் துடைக்கப் பழைய துணியை எடுத்தேன், இரண்டு கையும் மடியில் இருக்கிறது, சுவிட்ச் கீழே அணைந்த நிலையில் இருக்கிறது, என் கண்ணெதிரே ஊசி இன்னொரு தடவை சாய்ந்து நிமிர்ந்தது. நம்பினால் நம்புங்கள். கண் அசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இறங்கிப்போய் மீட்டரை வைத்துப் பார்த்தால் தப்பு என்னுடையதுதான். பழைய பல்புக்கு எந்த ஒயரை எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும், எல்இடிக்கு பிளஸ் மைனஸ் பார்த்துக் கொடுக்கவேண்டும். இத்தனை வருடப் பழக்கத்தில் கை பழைய பல்பு மாட்டுவது போலவே மாட்டியிருந்தது, மாற்றிக் கொடுத்துவிட்டேன். அப்படிக் கொடுத்தால் இந்த எல்இடி எரியாது, அவ்வளவுதான். துளி கரண்ட்டும் இழுக்காது. ஷார்ட்டும் எங்கேயும் இல்லை, ஒவ்வொரு ஒயராகத் தேடிப் பார்த்துவிட்டேன். அப்படியானால் ஊசி எதற்குச் சாய்ந்தது?

அதை யோசித்துக்கொண்டு நிற்கும்போதே போன் அடித்தது. அக்கா.

“இன்னைக்கு யாருடா ஓட்டினது?” என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“ஏன்க்கா?”

“லைட்ட போட்டுப் போட்டு அணைச்சுது. மூணு தடவ. நின்னு நின்னு. அப்புறம் கொஞ்சம் விட்டு இன்னொரு தடவ.”

வெள்ளை லைட்டா என்று கேட்டேன்.

“மஞ்சள்தான். எனக்குத் தெரியாதா? நேரா வீட்டுக்கு மேல. சத்தந்தான் கேக்கல, காத்து அந்தப் பக்கமா அடிக்குதுன்னு நெனச்சேன்.” அப்புறம் அவளே, “முதல் மூணும் யாருதுன்னு தெரியலடா. கடைசி ஒண்ணு அவரோடது. நான் அரிசியக் களைஞ்சு போட்டுட்டேன், ரெண்டு ஆளுக்கு. நீ வந்து சாப்பிட்டுப் போ” என்றாள்.

விமானம் எதுவும் வெளியே போகவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனேன், சாப்பிட்டேன். அக்கா நெடுநாளைக்குப் பிறகு தலைவாரிப் பூ வைத்திருந்தாள். சோறு போடும்போது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் ஒயரைச் சரியாகக் கொடுத்தேன், ஊசி லேசாக அசைந்தது, சுவரில் பளீரென்று வெள்ளை விழுந்தது. சீஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே விமானம் அக்கா வீட்டுக்கு மேலே போயிற்று. திட்டு வாங்கத் தயாராக இருந்தேன், போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனபோது அவளே கேட்டாள்.

“மாத்திட்டியாடா?”

“ஆமாக்கா.”

“சரி விடு. அவருதான் அன்னைக்கே சொல்லிட்டுப் போயிட்டாரே.”

அதற்குப் பிறகு அவள் வரப்பில் நிற்பதில்லை. களை எடுக்கிறவர்கள் செல்போனில் மணி பார்த்துக் கரையேறுகிறார்கள்.

அக்காவுக்கு விஷயம் முடிந்துவிட்டது, எனக்குத்தான் முடியவில்லை. முதல் மூன்றும் நான் போட்டவை என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் நாலாவதைப் பற்றியும் சொல்லவேண்டும். இவ்வளவு பேசுகிறேனே, மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பாதவன், இப்போது தினமும் சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அந்த விமானத்தில் ஏறி உட்கார்ந்து லைட்டை மூன்று தடவை போட்டு அணைக்கிறேன். வெள்ளை வெளிச்சம் மூன்று தடவை சுவரில் விழுந்து போகிறது. அப்புறம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஊசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அவர் அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனார், சரி. என்னிடமும் சொல்லத்தான் என் கண்ணெதிரே ஊசியை அசைத்தாரா, அது தெரியாமல் நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேனா என்று நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.