கன்னியம்மா சிரித்த மூன்றாவது டேக்

1. ரோட்டை மூடுகிற வேலை

விளம்பரப் படங்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது என் தொழில். லொகேஷன் மேனேஜர் என்பார்கள். பெரும்பாலும் கார் விளம்பரங்கள்தான். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம், அங்கிருந்து தெற்கே கடப்பாக்கம் வரைக்கும், எந்த வளைவில் காலை வெயில் எப்படி விழும், எந்த ரோட்டை மூடுவதற்கு யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

என் அப்பாவும் அம்மாவும் படாளத்தில் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். அவர்கள் மகள் வாக்கி டாக்கியில் "ரோடு லாக்" என்று சொன்னால் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

கடப்பாக்கத்தில், கடலோரத்துப் பழைய கோட்டைக்குப் போகிற கிளை ரோட்டில் ஒரு புது காருக்கு ஷூட்டிங். கார் சீறிக்கொண்டு வளைவில் திரும்ப வேண்டும். ஓரமாக மீன் கூடையோடு நிற்கிற பெண்ணை ஒட்டிப் போக வேண்டும். அவள் திடுக்கிட்டு, பிறகு சிரிக்க வேண்டும். கதை அவ்வளவுதான். அதற்காகச் சென்னையிலிருந்து அழைத்து வந்த நடிகையை டைரக்டருக்குப் பிடிக்கவில்லை.

"கூடையைப் பிடிக்கிறதே செயற்கையா இருக்கு மேடம். அதோ, அவங்களைக் கேளுங்க" என்று கை காட்டினார். யூனிட் சமையலுக்கு மீன் கொண்டுவந்திருந்த பெண். நாற்பது வயது இருக்கும். இங்கே அவளைக் கன்னியம்மா என்று சொல்கிறேன்.

"காரு ரொம்பக் கிட்ட வருமாக்கா?" என்று கேட்டாள்.

"ஆள் உயரத்துக்குத் தள்ளித்தான் போகும். ஓட்டுறவர் இதே வேலையா இருக்கிறவர். நான் இருக்கேன்ல?" என்றேன்.

2. மூன்றாவது டேக்

முதல் இரண்டு டேக்கும் சொன்னபடி நடந்தன. கார் தள்ளிப் போனது, கன்னியம்மாவும் சொன்ன இடத்தில் சிரித்தாள். டைரக்டருக்குத் திருப்தியில்லை. மானிட்டரைப் பார்த்துக்கொண்டே, "ஒரு திரில்லே இல்ல. இன்னும் ஒட்டிப் போங்க" என்று டிரைவரிடம் சொன்னார்.

டிரைவர் ஜாபர் இந்த மாதிரி ஷாட்டுகளையே பல வருஷமாக ஓட்டுகிறவர். அவர் இறங்கி வந்து ரோட்டைக் காலால் தேய்த்துப் பார்த்தார். "கடக்கரை மண்ணு பறந்து கிடக்கு சார். ஒருதபா கூட்டிட்டுப் போலாம்" என்றார்.

கூட்ட வைப்பது என் பொறுப்பு. துடைப்பத்தோடு ஆட்கள் தயாராகத்தான் நின்றார்கள். டைரக்டர் வானத்தைப் பார்த்தார். "லைட் போகுது மேடம். ஒரே ஒரு டேக்."

நான் ஜாபரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாக்கி டாக்கியை எடுத்து "ரோடு லாக்" என்றேன்.

வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கியது. பக்கவாட்டுக் கண்ணாடி கூடையை உரசியதில் நாலைந்து மீன் தரையில் விழுந்தன. கன்னியம்மா அசையாமல் நின்றாள். அப்புறம் ஒரு சிரிப்பு சிரித்தாள். தோள் குலுங்க, நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். "இதான். இதுக்குத்தான் காத்திருந்தேன்" என்றார் டைரக்டர். ஜாபர் காரை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார்.

கன்னியம்மா சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. காதருகே வந்து, "பொடவ நனஞ்சி போச்சிக்கா" என்றாள்.

கூடைத் தண்ணீர் என்று நினைத்தேன். இல்லை. பயத்தில் அவளை அறியாமல் சிறுநீர் போயிருந்தது. காஸ்ட்யூம் வேனுக்குள் கூட்டிப்போய் மாற்றுப் புடவை கொடுத்தேன். "யாருக்கும் சொல்லாதக்கா" என்றாள். சரி என்றேன்.

இதை எழுதலாமா என்று சமீபத்தில் அவளைக் கேட்டேன். "எழுதிக்க. பேர மட்டும் மாத்திடு. எனக்கு இன்னா வெக்கம், நானா ஓட்னேன்?" என்றாள்.

3. ஒரு போன் கால்

விளம்பரம் டி.வி.யிலும் போனிலும் ஓடியது. மூன்றாவது டேக்கைத்தான் வைத்திருந்தார்கள். கார் போன பிறகு அவள் சிரிப்பை ஸ்லோ மோஷனில் காட்டினார்கள். கீழே பொடி எழுத்தில், பயிற்சி பெற்றவர்கள் மூடிய சாலையில் செய்தது, நீங்கள் முயற்சிக்காதீர்கள் என்று ஒரு வரி. படித்து முடிப்பதற்குள் போய்விடும்.

விளம்பரங்களைக் கண்காணிக்கிற அமைப்பிடம் யாரோ ஒருவர் புகார் கொடுத்தார். தாறுமாறாக ஓட்டுவதை விளையாட்டு போலக் காட்டுகிறது, இப்படிப்பட்ட விளம்பரங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று. பதில் சொல்வதற்கு முன்னால் விளம்பர ஏஜென்சியின் மேனேஜர் என்னைப் போனில் பிடித்தார்.

"மேடம், ரோடு க்ளோஸ் பண்ணித்தானே எடுத்தோம்?"

"ஆமா சார்."

"அந்த லேடிக்கு எந்தப் பிரச்சினையும் இல்லல்ல? ஹாப்பியாத்தானே இருந்தாங்க?"

அப்போது நான் மறைமலைநகரில் இன்னொரு ஷூட்டுக்கு ஒரு குடோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் அதே ஏஜென்சியின் வேலை. யாருக்கும் சொல்லமாட்டேன் என்று அவளுக்குக் கொடுத்த வாக்கு வசதியாக நினைவுக்கு வந்தது. மண் கிடந்ததையும் கார் வழுக்கியதையும் சொல்ல அந்த வாக்கு தடையே இல்லை. அதையும் நான் சொல்லவில்லை.

"ஹாப்பியாத்தான் சார் இருந்தாங்க" என்றேன்.

யாருக்கும் ஆபத்து நேரவில்லை, அந்தப் பெண்ணே மகிழ்ச்சியாகச் சிரிக்கிறார் என்று பதில் போனது. விளம்பரம் தொடர்ந்து ஓடியது.

4. ஞாயிற்றுக்கிழமைகள்

ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கன்னியம்மா போன் செய்தாள்.

"அக்கா, ஒரே பேஜாரா கீது. நாயித்துக்கெயம ஆனா காருங்க வந்துகினே கீது. நான் மீன் கூடய தூக்கிகினு போறசொல்ல கிட்ட வந்து ஒட்டிகினு போறானுங்க. ஒர்த்தன் போன்ல புடிக்கிறான். 'அக்கா சிரி, அக்கா சிரி'ன்னு கத்துறானுங்க."

"நீ வேற வழியா போயேன்" என்றேன்.

"வேற வழி எங்கக்கா கீது?"

"கொஞ்ச நாள்ல அடங்கிடும் கன்னியம்மா. விளம்பரம் நின்னா அவங்களும் நின்னுடுவாங்க."

அவள் போனை வைத்துவிட்டாள். நானும் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். எனக்கு மூடத் தெரிந்த ரோட்டைப் பற்றித்தான் அவள் என்னிடம் பேசினாள். அந்த ஊர்க்காரர்களிடமோ போலீசிடமோ நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவேயில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் ஒரு ஞாயிறன்று கார் அவள்மேல் ஏறிவிட்டது. அதே வளைவு, அதே மண். உள்ளே நான்கு கல்லூரிப் பையன்கள். ஓட்டியவன் ஜாபர் இல்லை.

5. ஆஸ்பத்திரி

வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது கன்னியம்மா மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"அந்தப் பசங்கதான்க்கா தூக்கிகினு வந்தானுங்க" என்றாள். "ஓட்னவன் ஓன்னு அழுவுறான். 'உங்களுக்குப் புடிக்கும்னு நெனச்சோம்க்கா, வெளம்பரத்துல சிரிச்சீங்களே'ன்றான்."

நான் கொண்டுபோன பழப்பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் ஏன் சிரிச்சேன்னு உனக்குத் தெரியும்லக்கா. அவனுக்குச் சொல்லலாம்னு பாத்தேன். வாய் வர்ல."

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஏஜென்சி மேனேஜரைக் கூப்பிட்டேன். மண்ணைக் கூட்டாததையும், கண்ணாடி உரசியதையும், அவள் பயத்தில்தான் சிரித்தாள் என்பதையும் சொன்னேன். அவர் "அந்த கேம்பெய்ன் போன வாரமே முடிஞ்சிடுச்சு மேடம். இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றார். அதன்பிறகு அந்த ஏஜென்சியிலிருந்து எனக்கு வேலை வரவில்லை.

இப்படிப்பட்ட விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்று தொழிலில் இருப்பவர்களைக் கூட்டிச் சென்னையில் ஒரு கலந்துரையாடல் நடந்தது. நானாகவே போய்ப் பேர் கொடுத்தேன். சினிமாவில் காட்டாததா, பார்க்கிறவர்களுக்குப் புத்தி இல்லையா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என் முறை வந்தபோது அந்த மூன்றாவது டேக் எடுத்த கதையைச் சொன்னேன். "சினிமா காரை விற்பதில்லை. நாம் காரை விற்கிறோம், அந்தக் காரை எடுத்துக்கொண்டு அவர்கள் உண்மையான ரோட்டுக்குத்தான் போகிறார்கள். மனிதர்களை ஒட்டி ஓட்டுவதைச் சந்தோஷமாகக் காட்டக் கூடாது என்று விதி வர வேண்டும். பொடி எழுத்து போதாது" என்றேன். சிலர் தலையாட்டினார்கள். விதி இன்னும் வரவில்லை.

திரும்பும்போது கடப்பாக்கம் போனேன். கன்னியம்மா வாக்கர் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். பேசியதை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என் காலு ஒடையாம இருந்தா இதெல்லாம் பேசியிருப்பியாக்கா?"

"மாட்டேன் கன்னியம்மா."

"ம்" என்றாள். அவள் சுவர் வரை நடந்து திரும்பும் வரைக்கும் பக்கத்திலேயே நடந்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லொகேஷனில் ஒருவர் பயந்ததை நீங்கள் மட்டும் பார்த்திருந்தால், மானிட்டருக்கு முன்னால் போய் நின்று அங்கேயே சொல்லிவிடுங்கள். லைட் போனால் போகட்டும். நான் தாமதமாகச் சொன்ன உண்மையால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை, முக்கியமாகக் கன்னியம்மாவுக்கு.