நான் போட்ட எரர்கள்

என் மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது சிட்னியின் செவன் ஹில்ஸில் ஒரு பூங்காவில் பேஸ்போல் விளையாடினாள். அந்தக் கோடை முழுவதும் அவளுடைய அணிக்கு ஸ்கோர் எழுதியவள் நான். பெற்றோரில் ஒருவரும் முன்வரவில்லை. கோச் என்னைப் பார்த்து, "நீங்கள் புள்ளிவிபரவியல் படித்தவர் அல்லவா?" என்று கேட்டார். இல்லை, மாட்டேன் என்று சொல்ல எனக்கு எப்போதும் வராது.

ஸ்கோர் எழுதுவது ஓட்டங்களை எண்ணுவது மட்டுமல்ல என்று பிறகுதான் தெரிந்தது. பந்தை அடித்த பிள்ளை முதலாவது பேஸுக்கு, அதாவது தளத்துக்கு, அவுட்டாகாமல் ஓடிச் சேர்ந்துவிட்டால், எழுதுபவர் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். அடித்தவரின் திறமையால் வந்தது என்றால் அது ஹிட். எதிரணியில் ஒருவர் பந்தைத் தவறவிட்டதால் வந்தது என்றால் எரர். ஒன்பது வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் பாதிப் பந்துகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் போகும்.

மற்றப் பிள்ளைகளில் சந்தேகம் வந்தால் நான் ஹிட் போட்டேன். என் மகளில் சந்தேகம் வந்தால் எரர் போட்டேன்.

திட்டம் போட்டுச் செய்ததல்ல. என் அம்மா ஆசிரியை. ஒரு வருடம் அவருடைய வகுப்பிலேயே இருந்தேன். என் தாளை மட்டும் இரண்டு தரம் திருத்துவார். இரண்டாம் தரத்தில் புள்ளி குறையும். டீச்சரின் மகள் என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பெயர் நேர்மை என்றே நானும் நம்பியிருந்தேன்.

எனக்குப் பக்கத்தில் மகளின் சிநேகிதியுடைய தாய் இருப்பார். மலேசியாவிலிருந்து வந்தவர். என் பென்சிலை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாக்கா இது, புள்ள நல்லாத்தானே அடிச்சா? இதுக்கும் எரரா? என் மகளுக்கு மட்டும் அள்ளிப் போடுறீங்க லா" என்பார்.

"சும்மா இருங்கோ. சனம் கதைக்கும்."

"எந்தச் சனம்? எல்லாரும் அங்க சாசேஜுக்கு வரிசையில நிக்கிறாங்க."

எரர் போட்டால் என்ன, பிள்ளை பேஸில்தானே நிற்கிறாள், ஓட்டம் எடுத்தால் அதுவும் அவள் பெயரில்தானே விழும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் புத்தகத்தை நான் வைத்துக்கொண்டு, அதன் பிரதித் தாளைக் கோச்சிடம் கொடுப்பேன். அவர் வீட்டுக் கணினியில் ஏற்றுவார்.

கோச்சுக்கு ஃபான்டசி பேஸ்போல் பைத்தியம். இணையத்தில் சிநேகிதர்களோடு சேர்ந்து அமெரிக்க ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்து கற்பனை அணிகள் அமைப்பார்கள். அந்தத் தெரிவுக்குப் பெயர் ட்ராஃப்ட். அங்கே மிகத் திறமையாகப் பந்தடிப்பவர்கூடப் பத்தில் ஏழு தரம் தோற்பவர்தான் என்று அவர் சொன்னபோது நான் திடுக்கிட்டேன். நூற்றுக்கு முப்பது எடுத்தால் எங்கள் வீட்டில் சாப்பாடு இறங்காது. "பெயரையும் ஓட்டத்தின் அழகையும் பார்த்து எடுப்பவன் தோற்பான்" என்பார். "பிழையான பந்து நான்கு வரும்வரை அடிக்காமல் பொறுமையாக நின்றே பேஸுக்குப் போகிறவனை ஒருவரும் கவனிப்பதில்லை. நான் அவனைத்தான் தேடுவேன்."

மார்ச் மாதம் சீசன் முடிந்தது. கழகத்தில் எங்கள் வயதில் இரண்டு அணிகள், இருபத்துநான்கு பிள்ளைகள். அடுத்த வருடம் மேல் பிரிவுக்கு இருபது பேர்தான் போகலாம். மிச்சம் நான்கு பேர் சின்னப் பிள்ளைகளோடு இன்னொரு வருடம் விளையாட வேண்டும். என் மகள் அந்த வாரம் முழுவதும் சிநேகிதியோடு மேலே போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

ஃபான்டசி மாதிரியே ட்ராஃப்ட் வைப்போம், அப்போது யாருடைய பிள்ளை என்ற பேச்சு வராது என்றார் கோச். பெயர்களுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள். அவரும் மற்ற அணியின் கோச்சான ஒரு பெண்ணும் மாறிமாறித் தெரிவுசெய்வார்கள். கணக்கில் ஏதாவது புரியாவிட்டால் உதவ என்னையும் மேசையில் இருத்தினார்கள். பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

'கே' என்ற வரிசை என் மகளுடையது என்று ஓட்டங்களைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பாதிப் பேர் தெரிவாகியும் 'கே' அப்படியே இருந்தது.

"இந்தக் 'கே' நிறைய ஓட்டம் எடுத்திருக்கிறதே?" என்றார் அந்தப் பெண்.

"ஹிட்டைப் பாருங்கள், ஒன்றுமில்லை. எல்லாம் எரரில் ஏறினது. வெறும் அதிர்ஷ்டம். ஃபான்டசியில் இப்படிப்பட்டவரை நான் தொடவே மாட்டேன்."

நான் கேட்டேன், "எரரில் போனாலும் பேஸுக்குப் போனதுதானே?"

"போனதுதான். ஆனால் அடிக்க வந்த தடவைகளால் ஹிட்டை வகுக்கும் விகிதத்தில் அது அவுட்டுக்குச் சமம். அடிக்க வந்தார், ஹிட் இல்லை. எத்தனை தரம் பேஸில் ஏறினார் என்று பார்க்கும் விகிதத்தில்கூட அதைச் சேர்ப்பதில்லை."

பேஸில் நிற்கும் பிள்ளையை அவுட் என்று எண்ணுகிற ஒரு கணக்கு! மகளுக்குப் பெருமையைத்தான் மறுத்தேன் என்று இருந்தேன். நான் எழுதிய ஒவ்வொரு எரரும் அவளைக் கீழே இழுத்திருக்கிறது. பின்னத்தின் கீழே எது சேருகிறது என்று கேட்காமல் எந்த விகிதத்தையும் நம்பாதே என்று முதலாம் வருடத்திலேயே படித்தவள் நான். ஒரு தரமாவது கேட்டேனா?

வாய் திறந்தால் நான் பயந்ததே நடக்கும்: ஸ்கோர் எழுதுகிற தாய் தன் பிள்ளைக்குப் புள்ளி கேட்கிறாள். பதினாறாவது தெரிவு, பதினேழாவது தெரிவு. மகளின் சிநேகிதியின் எழுத்தும் தெரிவாகிவிட்டது.

"'கே' என்னுடைய மகள்" என்றேன். "அந்த எரர்களில் பல உண்மையில் ஹிட். என் பிள்ளை என்பதால் குறைத்துப் போட்டுவிட்டேன்."

கோச் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மாக்கள் ஸ்கோர் எழுதி எத்தனையோ பார்த்துவிட்டேன். எல்லோரும் மற்றப் பக்கமாகத்தான் ஏமாற்றுவார்கள்." சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "முடிந்த ஆட்டத்தின் தாளை இப்போது மாற்றினால், நாளைக்கு எல்லா அம்மாக்களும் வருவார்கள். மாற்றலாமா? நீங்களே சொல்லுங்கள்."

"வேண்டாம்" என்றேன். அப்போதும் சனத்துக்குப் பயந்த சொல்தான் என் வாயில் வந்தது.

இருபது எழுத்துகள் முடிந்தன. 'கே' மிஞ்சியது.

காரில் வைத்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள், தமிழில் கேட்டாள்: "நீங்களா அம்மா எழுதினீங்கள்?"

"ஓம்."

"நான் அடிச்சதை நீங்கள் காணேல்லையா?"

"கண்டனான்."

யன்னல் பக்கம் திரும்பி அழுதாள். தொடுவதா விடுவதா என்று தெரியாமல் நான் சாவியைப் பிடித்தபடி இருந்தேன். பிறகு அவள் கையை நீட்டி, "புத்தகத்தைத் தாங்கோ" என்றாள்.

முதல் ஆட்டத்திலிருந்து தொடங்கினாள். ஆறு மாதத்துக்கு முந்தின பந்துகூட அவளுக்கு நினைவிருந்தது. "இது ஒருத்தரிட்டையும் போகேல்ல. ஹிட். இது அவ்வளவு வேகம், ஆரும் பிடிக்கேலாது. ஹிட்." ஒவ்வொன்றும் என் நெஞ்சில் வந்து விழுந்தது. பிறகு தாளின் ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். "இது அந்த உயரமான பெட்டையின்ர கைக்குள்ளயே போனது. அவதான் விட்டவ. எரர்."

"அது கஷ்டமான பந்துதானேம்மா" என்றேன். அந்த ஒன்றையாவது அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் போலிருந்தது.

"இல்லை அம்மா. எரர்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.